மண்டபமும் வெள்ளமும்

கெயின்ஸ்பரோ என்ற ஊர்ப் பெயரை நான் முதன் முதலில் படித்தது புஸ்தகத்தில் அல்ல, இரும்பில். நீலகிரியில் என் நண்பர் ஒருவர் தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துவந்தார். அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற பழைய ரோலர் ஒன்று கொட்டகை ஓரத்தில் ஓய்ந்து கிடந்தது. அதன் உடம்பில் வார்ப்பு எழுத்தில் மார்ஷல் கம்பெனியின் பெயரும், அதற்குக் கீழே 'கெயின்ஸ்பரோ, இங்கிலாந்து' என்றும் இருந்தன. மார்ஷல் கம்பெனியார் நீராவி யந்திரமும் ரோடு எஞ்சினும் செய்து உலகமெங்கும் அனுப்பியவர்கள். இந்தியாவின் தேயிலைத் தோட்டங்களுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் அவர்களுடைய பட்டறையிலிருந்து யந்திரங்கள் வந்துகொண்டிருந்தன.

அந்தப் பெயரை அத்துடன் மறந்திருப்பேன். சில வருஷம் கழித்து ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கை வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதே பெயர் மறுபடியும் எதிரே வந்து நின்றது. 'தி மில் ஆன் தி ஃப்ளாஸ்' என்ற நாவலில் வருகிற ஸெயின்ட் ஆக்ஸ் என்னும் ஊருக்கு மூலம் இந்தக் கெயின்ஸ்பரோதானாம். அந்த நாவலைக் கல்லூரி நாளில் ஒரு முறையும், நானே எழுதத் தொடங்கிய பிறகு இரண்டு முறையும் படித்திருக்கிறேன். மூன்று முறையும் கடைசி அத்தியாயத்தோடு சண்டை போட்டுக்கொண்டுதான் புஸ்தகத்தை மூடினேன்.

ஆகவே, இங்கிலாந்துக்குப் போக ஒரு சந்தர்ப்பம் வாய்த்தபோது, பார்க்க வேண்டிய இடங்களில் இந்த ஊரையும் சேர்த்துக்கொண்டேன். லண்டனில் எனக்குச் சாப்பாடு போட்ட நண்பர், "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"ஒரு பழைய சண்டை பாக்கியிருக்கிறது" என்றேன்.

லிங்கன் நகரிலிருந்து கெயின்ஸ்பரோவுக்கு ரயிலில் வெகு நேரமாகாது. பூமி தட்டையாகக் கிடக்கிறது. டிரென்ட் ஆற்றின் கீழ்க்கரையில், சந்தையை வைத்துப் பிழைத்து வளர்ந்த ஊர். என் தேயிலை ரோலர் பிறந்த பட்டறையைத் தேடினேன். அது இப்போது துணிக்கடைகளும் காப்பிக் கடைகளுமாக இருக்கிறது. 2007ஆம் வருஷம் அப்படி மாற்றினார்களாம். வெளிச்சுவரை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு, வந்த காரியத்தைப் பார்க்கப் புறப்பட்டேன்.

வந்த காரியம் ஓல்டு ஹால் என்ற பழைய மாளிகை. ஊருக்கு நடுவே, சின்னச் சின்னச் செங்கல் வீடுகளும் தெருக்களும் சூழ, ஒரு புல்தரையின்மேல் அது உட்கார்ந்திருக்கிறது. கோட்டையா என்றால் கோட்டை இல்லை. வீடு என்று சொல்லவும் மனம் வரவில்லை. மூன்று பக்கம் கட்டிடம், ஒரு பக்கம் திறப்பு. நடுவில் பெரிய மண்டபம். மரச்சட்டங்களை நிறுத்தி, இடையே சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர்கள். ஒரு மூலையில் மட்டும் செங்கல்லால் ஒரு கோபுரம். மரமும் செங்கல்லும் கல்லும் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகச் சண்டையும் இல்லாமல் சேர்ந்து நிற்கின்றன. கூட்டுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

இதைக் கட்டியவர் ஸர் தாமஸ் பர்க் என்ற பிரபு. 1460களில் தொடங்கிய வேலை. ரோஜாப் போர்கள் என்று சரித்திரத்தில் படிக்கிறோமே, அந்தக் காலம். 1470இல் பகைவர்கள் வந்து அவர் வீட்டைத் தாக்கி, அவரை ஊரை விட்டே ஓட்டினார்கள். திரும்பி வந்தார். 1483இல் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் இங்கே விருந்தாளியாக வந்து தங்கினார். ராஜாவுக்கும் பரிவாரத்துக்கும் சமைத்த மடைப்பள்ளி அப்படியே இருக்கிறது. ஒரு மாட்டை முழுசாக வாட்டக்கூடிய அளவில் அடுப்புகள். அந்த அடுப்புக்குள்ளே நான் நின்று பார்த்தேன். இன்னும் ஐந்தாறு பேர் என்னோடு நிற்கலாம்.

சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு இந்த வீட்டைக் காட்டினால் நாக்கில் நீர் ஊறும். 1541இல் எட்டாம் ஹென்றி தம்முடைய ஐந்தாம் மனைவி காதரின் ஹாவர்டுடன் இங்கே வந்தார். ஆறு மாதம் கழித்து, 1542 பிப்ரவரியில், அவள் தலை போயிற்று. அதற்கும் சுமார் பன்னிரண்டு வருஷம் முன்னால், இந்த வீட்டுப் பிள்ளை எட்வர்டு பர்க்குக்கு வாழ்க்கைப்பட்டு, மாமனாருக்கு அஞ்சி நடமாடிய பெண் ஒருத்தி உண்டு. அவள் பெயர் காதரின் பார். புருஷன் இறந்து, இரண்டாம் புருஷனும் இறந்து, 1543இல் அவள் எட்டாம் ஹென்றியின் ஆறாம் மனைவியானாள். ஐந்தாமவள் வந்து விருந்து சாப்பிட்ட கூடத்தில் ஆறாமவள் முன்பே மருமகளாக நின்றிருக்கிறாள்! இதற்கு மேல் ஒரு தொடர்கதை ஆசிரியனுக்கு என்ன வேண்டும்?

இந்த மாமனார் லேசுப்பட்டவர் அல்ல. இன்னொரு மகனின் மனைவி எலிஸபெத்தின் நடத்தையைச் சந்தேகித்து, அவள் பெற்ற பிள்ளைகள் தம் வம்சத்தைச் சேர்ந்தவர்களே அல்ல என்று பார்லிமெண்டில் சட்டமே இயற்றச் செய்தார். அது 1540களின் தொடக்கத்தில். அதற்கு முன்பே அந்தப் பெண் மன்னரின் மந்திரி தாமஸ் கிராம்வெல்லிடம் முறையிட்டுப் பார்த்திருக்கிறாள். பலிக்கவில்லை.

பர்க் வம்சம் நொடித்து, 1596இல் வில்லியம் ஹிக்மன் என்ற லண்டன் வியாபாரி இந்த வீட்டை வாங்கினார். அரசாங்கத்தின் சர்ச்சை ஒப்புக்கொள்ளாமல் பிரிந்து நின்ற ஜான் ஸ்மித் என்பவரின் கூட்டத்தார் அவருடைய நிழலில் இங்கே கூடித் தொழுதார்கள் என்பது ஊர் வழக்கு. அவர்கள் 1608 வாக்கில் ஆம்ஸ்டர்டாமுக்குக் கப்பலேறினார்கள். பக்கத்து ஊரான ஸ்க்ரூபியில் கூடிய இன்னொரு கூட்டத்தாரில் சிலர்தாம் பின்னால் 1620இல் மேஃபிளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்கள். 1759இல் ஜான் வெஸ்லி இந்த மண்டபத்தில் பிரசங்கம் செய்தார். அப்புறம் பிரபுக்கள் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த மாளிகை துணி நெய்கிற இடமாயிற்று. நாடகக் கொட்டகையாயிற்று. ஏழைகள் குடியிருந்த ஒண்டுக் குடித்தனமும் ஆயிற்று. 1949இல் ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் சேர்த்து இதைப் பாழாகாமல் காத்தார்கள். 1970இல் உரிமைக் குடும்பத்தார் அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னது, ட்யூடர் காலத்துக் குல்லாயும் பாவாடையும் அணிந்து மண்டபத்தில் நின்றிருந்த ஒரு வயதான அம்மாள். சம்பளம் வாங்காமல் ஆசைக்காக வேலை செய்கிறவர். ராஜா எங்கே உட்கார்ந்தார், ராணி எந்தப் படியில் ஏறினாள் என்று, தம் வீட்டுக் கல்யாணத்தைச் சொல்வது போலச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு நான், "கைவேலைச் சந்தை எந்தப் பக்கம் நடந்தது?" என்று கேட்டேன்.

"எந்தச் சந்தை?"

"மாகி டல்லிவர் கடை வைத்திருந்தாளே, அது."

அந்த அம்மாள் சற்று நேரம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பள்ளிக்கூடத்தில் படித்தேன். அழுது தீர்த்தேன். அதற்கப்புறம் அந்தப் புஸ்தகத்தைத் தொடவில்லை" என்றார். மேடையை ஒட்டி, கல்லில் செதுக்கிய பெரிய ஜன்னல் இருந்த பக்கத்தைக் காட்டி, "அங்கே வைத்துக்கொள்ளுங்களேன். வெளிச்சம் நன்றாக விழும்" என்றார்.

நாவலைப் படிக்காத வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாகியும் டாமும் ஃப்ளாஸ் ஆற்றங்கரை மாவு மில்காரரின் பிள்ளைகள். தந்தை வழக்கில் தோற்று, மில் அவருடைய எதிரியான வேக்கம் வக்கீலிடம் போய்விடுகிறது. வக்கீலின் மகன் ஃபிலிப், முதுகு கூனியவன், மாகியை நேசிக்கிறான். அவனைப் பார்க்கவே கூடாது என்று டாம் தங்கையிடம் சத்தியம் வாங்கிவிடுகிறான். சில வருஷம் கழித்து மாகி, சித்தி மகள் லூஸியின் வீட்டுக்கு வந்து தங்குகிறாள். லூஸிக்கு என்று எல்லாரும் நினைத்திருக்கிற ஸ்டீஃபன் கெஸ்ட் என்ற பணக்கார வாலிபனும் மாகியும் ஒருவரையொருவர் பார்த்த நாள் முதல் நிலை தவறுகிறார்கள். ஒரு நாள் இருவரும் படகில் போக, வெள்ளவோட்டம் இழுத்துப் போய் ஊருக்கு வெகு தூரத்தில் விட்டுவிடுகிறது. அவனை மணக்க மறுத்து, லூஸிக்கும் ஃபிலிப்புக்கும் துரோகம் செய்ய மாட்டேன் என்று மாகி தனியே திரும்பி வருகிறாள். மணந்துகொண்டு வந்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும். மணக்காமல் வந்ததால் மன்னிக்கவில்லை. டாம் வீட்டுக் கதவைச் சாத்துகிறான். பிறகு ஆற்றில் பெரு வெள்ளம் வருகிறது. மாகி படகெடுத்துப் போய் டாமை மில்லிலிருந்து மீட்கிறாள். அண்ணனும் தங்கையும் ஒன்றுசேர்ந்த அந்த நிமிஷத்தில், மிதந்து வந்த மரச் சாமான்களின் குவியல் மோதி, தழுவிய கையுடன் மூழ்கிப்போகிறார்கள்.

இந்த வெள்ளத்தோடுதான் என் சண்டை.

முதலில் மண்டபத்தைப் பற்றி. நாவலில் அது இரண்டு தடவை வருகிறது. முதல் பாகத்தில் ஊரை வருணிக்கும்போது வருகிறது: செங்கல் முகப்பைக் கட்டியவர்கள் பழைய மரக் கூடத்தை இடிக்காமல் விட்டுவைத்ததை எலியட் பாராட்டிச் சொல்கிறார். நான் புல்தரையில் நின்று பார்த்த கட்டிடம் அப்படியே அதில் இருக்கிறது. இரண்டாவது தடவை, ஆறாம் பாகத்தில். ஊர்ச் சீமாட்டிகள் தர்ம காரியத்துக்காக இந்த மண்டபத்தில் ஒரு கைவேலைச் சந்தை நடத்துகிறார்கள். அவ்வளவுதான். ரிச்சர்டு இல்லை, ஹென்றி இல்லை, தலை போன ராணி இல்லை. சுவரிலே மங்கிப்போன குலச் சின்னங்களாகச் சில விலங்குகள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. ராஜாக்கள் விருந்துண்ட கூடத்தில் தையல் வேலையும் பின்னல் வேலையும் விற்கிறார்கள்.

முதல் தடவை படித்தபோது இந்த அத்தியாயத்தை நான் தாண்டிப் போனேன். இரண்டாவது தடவை, நடுவில் ஒரு சாவடி போல என்று நினைத்தேன். அந்தக் கூரையின் கீழே நின்ற பிறகுதான் அது என்ன காரியம் செய்கிறது என்று எனக்கு விளங்கியது. குறுக்கு உத்தரமே இல்லாமல், இரு பக்கத்துச் சுவரிலிருந்தும் கருவாலி மர வளைவுகள் எழும்பி உச்சியில் சேர்கிற கூரை அது. நடுவில் தூண் கிடையாது. ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடையாது. கூடத்தில் எங்கே நின்றாலும் எல்லார் கண்ணும் படும். பிரபு தம் மேடையிலிருந்து குடிபடைகளை ஒரே பார்வையில் பார்ப்பதற்கென்று கட்டியது. அந்தக் கட்டிடத்தின் உபயோகம் என்னவோ அதை எலியட் மாற்றவில்லை. பார்க்கிறவர்களை மட்டும் மாற்றினார். பிரபு இருந்த இடத்தில் ஊர்ப் பெண்களின் கண்களை உட்கார வைத்தார்.

மாகியின் கடையில் ஆண்கள் வீட்டில் அணியும் நீண்ட அங்கிகள் விற்பனைக்கு இருக்கின்றன. இந்த ஒரு சாமான் போதும்! வாலிபர்கள் துணியின் உள்பக்கத்தையும் மெத்தையையும் பற்றி அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு கூட்டம் கூடுகிறார்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அழகாக இருக்கிறாள், எளிய வெள்ளை உடை அணிந்திருக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் மற்றக் கடைகளில் நிற்கிற பெண்கள் பார்க்கிறார்கள். பார்த்ததை அன்றைக்கு ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. மனத்தில் போட்டு வைக்கிறார்கள். பின்னால் படகு விஷயம் வெடித்தபோது, அன்று பார்த்தது அவர்களுக்குச் சாட்சியமாக உதவுகிறது. 'அப்போதே தெரியுமே' என்று ஊர் சொல்லுமே, அந்த 'அப்போது' இந்த மண்டபத்தில்தான் தயாராகிறது. ஏழாம் பாகத்தில் ஊர் தீர்ப்புச் சொல்கிற அத்தியாயம் ஒன்று இருக்கிறது. மிகப் பிரசித்தமான அத்தியாயம். ஆனால் விசாரணை அங்கே நடக்கவில்லை. அங்கிகள் விற்ற அன்றைக்கே நடந்து முடிந்துவிட்டது.

இன்னும் பாருங்கள். வக்கீல் வேக்கம், தம் மகன் நேசிக்கிற பெண் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க இங்கேதான் சாமான் வாங்குகிற சாக்கில் வருகிறார். ஸ்டீஃபன் வந்து பேசுகிறதை, வாத்திய மேடையின் மூலையில் தனியே உட்கார்ந்து ஃபிலிப் பார்த்துவிடுகிறான். பாதிரியார் கென் ஒரு நிமிஷம் நின்று அவள் முகத்தில் இருக்கிற வேதனையைக் கண்டுகொள்கிறார். ஊரே கைவிட்ட பிறகு அவளுக்காகப் பேசப் போகிறவர் அவர்தான். நாலு பேர் பார்வை நாலு திசையிலிருந்து வந்து ஒரு பெண்ணின்மேல் விழுகிறது. கதை முழுவதும் அந்த ஒரு மத்தியானத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. ஆசிரியர் குரலை உயர்த்தவே இல்லை.

இந்தக் கூடத்தில்தான் ஒரு காலத்தில் எலிஸபெத் பர்க் என்ற மருமகள் மாமனாரின் பார்வைக்கு அஞ்சி நின்றிருப்பாள் என்பதை எலியட் அறிந்திருந்தாரோ என்னவோ, நாவலில் அதன் நிழல்கூட இல்லை. அது வேண்டியிருக்கவும் இல்லை. என்னைப் போன்ற ஒருவன் கையில் அந்தச் சரித்திரம் கிடைத்திருந்தால், ஃபிலிப்பை விட்டு அந்தப் பழங்கதையை மாகிக்குச் சொல்ல வைத்திருப்பேன். வாசகர்கள் 'ஆகா, என்ன பொருத்தம்!' என்று எனக்குக் கடிதமும் எழுதியிருப்பார்கள்.

சரி, வெள்ளத்துக்கு வருவோம்.

1859 ஜனவரியில், நாவலைத் தொடங்குகிற சமயத்தில், எலியட் பழைய ஆண்டுத் தொகுதிகளைப் புரட்டி, இங்கிலாந்தில் எங்கெங்கே எப்படியெப்படி வெள்ளம் வந்தது என்று குறிப்பெடுத்தார். அதாவது கடைசி அத்தியாயம் முதலிலேயே முடிவாகிவிட்டது. அதற்கு ஏற்ற ஆறுதான் வேண்டியிருந்தது. அவர் பிறந்து வளர்ந்த வார்விக்ஷயரில் அப்படிப்பட்ட ஆறு கிடையாது. அந்த வருஷம் செப்டம்பரில் ஆறு தேடித் தெற்கே வேமத், டார்ச்செஸ்டர் பக்கம் போனார், திருப்திப்படவில்லை. மாதக் கடைசியில் லூயிஸுடன் கெயின்ஸ்பரோவுக்கு வந்தார். டிரென்ட் கடலோதம் ஏறுகிற ஆறு. பெரிய ஓத நாட்களில் ஆற்று முகத்திலிருந்து ஓர் அலைச்சுவர் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறி வரும். அதை அந்த ஊரார் ஈகர் என்கிறார்கள். படகில் போய், ஐடில் என்ற சிற்றாறு வந்து கலக்கிற இடத்தையும் பார்த்துக்கொண்டு திரும்பினார்கள். 1860 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது.

ஆக, அவர் தேடி வந்தது ஆறு. மண்டபம், வந்த இடத்தில் கண்ணில் பட்டது. புஸ்தகத்தில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள்.

ஆற்றையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஸ்டீஃபனும் மாகியும் படகில் போகிற அத்தியாயத்தில் அந்த ஆறு அபாரமாக வேலை செய்கிறது. யாரும் துடுப்பை வலிக்கவில்லை, யாரும் முடிவு செய்யவில்லை, இறங்கவேண்டிய துறை கடந்துபோய்விட்டது. மனித மனம் தப்பு செய்கிற விதமே அதுதான். ஓதம் வடிகிற ஆறு இல்லாவிட்டால் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கடைசி வெள்ளம்? மாகிக்கு முன்னால் இருந்த கேள்வி, இந்த ஊரில், இந்தக் கண்களுக்கு நடுவில், இந்த அண்ணனோடு எப்படி வாழ்வது என்பது. வெள்ளம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, கேட்டவளைக் கொண்டுபோய்விட்டது. இன்னொன்றும் சொல்லவேண்டும். காவிரிக் கரையில் பிறந்து, ஆடிப் பெருக்கில் மரம் மிதந்து வருவதைப் பார்த்தவன் நான். ஒரே வெள்ளத்தில் போகிற படகை மரக்குவியல் பின்னாலிருந்து துரத்திப் பிடித்து மோதுவது எப்படி? இரண்டும் போவது ஏறக்குறைய ஒரே வேகத்தில் அல்லவா? இங்கிலீஷ் விமரிசகர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். ஜனவரி மாதத்திலேயே குறிப்பெடுத்து வைத்த சாவு, நடந்துதான் ஆகவேண்டும், அதனால் மரம் வேகமாக வந்துவிட்டது.

எலியட்டுக்கும் இது தெரியாமல் இல்லை. குழந்தைப் பருவத்தை ஆசை ஆசையாக விரித்து எழுதிவிட்டதால் கடைசிப் பகுதிக்கு வேண்டிய அளவு முன்னேற்பாடு செய்யவில்லை என்று கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரிய எழுத்தாளர்கள் தங்கள் குறையை ஒப்புக்கொள்கிறபோதுகூடப் பாதியைத்தான் ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது. இடம் போதவில்லை என்பது மெய்தான். ஆனால் இன்னும் நூறு பக்கம் எழுதியிருந்தாலும் அந்த மரக்குவியல் அதே நிமிஷத்துக்குத்தான் வந்திருக்கும்.

இத்தனையும் மண்டபத்தில் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்து நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டேன். சண்டையில் ஜெயித்துவிட்ட திருப்தி. அப்போது அந்தக் குல்லாய் அம்மாள் பக்கத்தில் வந்து, "உங்களுக்கு அந்த முடிவு பிடிக்குமா?" என்று கேட்டார்.

"பிடிக்காது" என்று சொல்லி, காரணங்களையும் சொன்னேன். மரக்குவியல் கணக்கைக்கூடச் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "எனக்கு ஓர் அண்ணன் இருந்தான்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வேறு யாரோ வந்தார்கள். ராஜா உட்கார்ந்த இடத்தைக் காட்டப் போய்விட்டார்.

எலியட்டுக்கும் ஓர் அண்ணன் இருந்தார் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் என் கணக்கில் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் பெயர் ஐஸக். மேரி ஆன் ஈவன்ஸ் என்ற தங்கை, மனைவி உயிரோடிருந்த லூயிஸுடன் 1854 முதல் குடும்பம் நடத்தினாள். 1857இல் அந்த விஷயத்தை அண்ணனுக்கு எழுதினாள். அவர் வக்கீல் மூலமாகப் பதில் அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது. இந்த நாவலுக்கு முதலில் வைத்திருந்த பெயர் 'ஸிஸ்டர் மாகி'. அண்ணன் கதவைச் சாத்தி இரண்டு வருஷம்கூட ஆகாத சமயத்தில்தான் தங்கை பழைய தொகுதிகளில் வெள்ளத்தைத் தேடினாள். நேரான வழியில் அந்தக் கதவு திறக்காது என்று அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆகவே கதவையே அடித்துக்கொண்டு போகிற தண்ணீர் வேண்டியிருந்தது. லூயிஸ் இறந்து, 1880 மே மாதம் அவர் ஜான் கிராஸ் என்பவரைச் சட்டப்படி மணந்ததும், ஐஸக் இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு வாழ்த்துக் கடிதம் எழுதினார். மணந்துகொண்டு வந்திருந்தால் ஊர் மன்னித்திருக்கும் என்று மாகியைப் பற்றி எழுதியவருக்கு அப்படியே நடந்தது. அந்த டிசம்பரில் காலமானார்.

இதனால் அந்த அத்தியாயம் நல்ல அத்தியாயமாகிவிடுமா? ஆகாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆசிரியரின் துக்கம் உண்மையானது, வெள்ளம் உண்மையானதல்ல. அவருடைய துக்கத்தை அறிந்தவர்கள் அதற்காக வெள்ளத்தை மன்னிக்கலாம். கதையை மட்டும் கையில் வைத்திருக்கிற வாசகன் ஏன் மன்னிக்க வேண்டும்? ஆனாலும் பெஞ்சியை விட்டு எழுந்தபோது ஜெயித்த திருப்தி என்னிடம் இல்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் அப்போது ஒரு நாவலின் நடுவில் இருந்தேன். சொத்துப் பாகத்தில் பிரிந்து, ஒரே கடைவீதியில் எதிரும் புதிருமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிற அண்ணன் தம்பி. பேச்சு வார்த்தை இல்லை. கடைசி அத்தியாயத்தில் கடைவீதியில் தீப்பிடிக்கிறது. ஒருவனைக் காப்பாற்ற மற்றவன் உள்ளே ஓடுகிறான். இந்தத் தீயை நான் முதல் வரி எழுதுவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக்குப் போய், எந்தக் கூரை எவ்வளவு நேரத்தில் விழும், புகை எப்படிப் பரவும் என்று கேட்டு எட்டுப் பக்கம் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அந்த நோட்டுப் புஸ்தகத்தின் பின் பக்கங்களில்தான் எலியட்டைக் குற்றம் சாட்டி எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆற்றங்கரைக்குப் போனேன். 1791இல் கட்டிய கல் பாலம் மூன்று வளைவுகளோடு நிற்கிறது. எலியட் இதைப் பார்த்திருப்பார். தண்ணீர் காவிரிப் புதுவெள்ளத்தைவிடச் சற்று வெளுத்த பழுப்பாக இருந்தது. ஈகர் வருகிற நாள் அல்ல அன்று. கொஞ்ச நேரத்தில் ஒரு குச்சி ஓட்டத்தோடு போய், தயங்கி நின்று, மெள்ள வந்த வழியே திரும்பியது. ஓதம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன். பார்ப்பதற்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை.

லிங்கன் ரயிலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். எட்டுப் பக்கமும் தீ. நல்ல குறிப்புகள்தாம். ஆனால் அன்றைக்கு அந்த நிலையத்தில் அதிகாரி வருகிறவரை அரைமணி நேரம் பெஞ்சியில் காத்திருந்தேனே, அப்போது பார்த்தது ஒன்று ஞாபகம் வந்தது. கடை எரிந்துபோன இரண்டு பேர் வாக்குமூலம் கொடுக்க வந்திருந்தார்கள். கூடப்பிறந்தவர்கள் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. இருவர் வேட்டியிலும் ஒரே கரி. குமாஸ்தாவின் மேஜைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்திருந்தார்கள். எரிந்த சாமான்களை மூத்தவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, குமாஸ்தா எழுதிக்கொண்டுவந்தார். என் கதைக்கு உதவாது என்று அதை நான் குறித்துக்கொள்ளவில்லை.

"பீரோ எட்டு" என்றார் மூத்தவர்.

இளையவர் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. குமாஸ்தாவைப் பார்த்து, "ஒன்பது என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.